வேண்டா வைத்த பச்சைப் புள்ளி

வேண்டாவின் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தால் போதும், அவள் என்ன வேலை செய்தவள் என்று தெரிந்துவிடும். நகம் தட்டையாகி ஓரம் மழுங்கிப் போயிருக்கும். பதினோரு வருஷம் ஒயர் சொருகிய விரல் அது.

செய்யூர்ப் பக்கத்துக் கண்ணாயிரத்துக்கு அவள் நான்காவது பெண். வரிசையாகப் பெண்ணே பிறந்தால் கடைசிப் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பது அந்தப் பக்கத்தில் உண்டு. அடுத்தது ஆணாகும் என்று ஒரு நம்பிக்கை. ஐந்தாவதும் பெண்தான் பிறந்தது. அதற்குப் பிரபா என்று வைத்துவிட்டுக் கண்ணாயிரம் கடலைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அவருடைய தாயாரும் என் பெரியம்மாவும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அந்த வகையில் வேண்டா எனக்கு மகள் முறை. என்னைப் பெரியப்பா என்பாள். என் அக்காள் மகன் ஆனந்தனுக்கு முறைப்பெண் என்று பார்த்துத்தான் கட்டினோம். இப்போது குடும்பம் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறது.

ஆனந்தனுக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேலை. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மறைமலைநகர் போவான். அந்த பஸ்ஸிலேயே வேண்டாவும் போவாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் செய்கிற கம்பெனி. ஒரு நீளப் பலகை நகர்ந்துகொண்டே வரும். அது தன்னைத் தாண்டுவதற்குள் அவரவர் ஒயரை அந்தந்தத் துளையில் சொருகவேண்டும். சொருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டாலும் நம்பாமல் ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும். வரிசையின் கடைசியில் ஒருத்தி முழுக்கட்டையும் சோதித்து ஒரு வண்ணப் புள்ளி வைப்பாள். அப்படிச் சோதிக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு வண்ணம். வெளியே போன கட்டில் பழுது என்று திரும்பி வந்தால், யார் சொருகினார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்த வண்ணம் என்றுதான் கேட்பார்கள். கடைசி நான்கு வருஷம், ஒயர் சொருகுவதோடு இந்தச் சோதனையும் வேண்டாவிடம் இருந்தது; அவள் வண்ணம் பச்சை. அந்த நான்கு வருஷத்தில் பச்சைப் புள்ளி ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.

அங்கே ஒருநாள் வேலை நின்றது. ஒயர் தீரவில்லை, கரண்டும் போகவில்லை. கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க் படுத்துவிட்டது. பலகை நகரவில்லை, இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். பிறகு தோளில் ஒரு பையோடு ஒருவன் வந்தான். சுவர்ப் பெட்டியைத் திறந்தான், ஒரு கேபிளைப் பிடுங்கினான், வேறு ஒன்றைச் சொருகினான். 'டக்'. கம்பெனி ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வேண்டா மட்டும் தட்டவில்லை. பக்கத்திலிருந்த லத்தீஃபாவிடம் சொன்னாள்:

"இன்னாடி இது, நாம நாளெல்லாம் பண்றததான் பண்ணினு போறான். இழுத்துக்கூடப் பாக்கல."

லத்தீஃபா செங்கல்பட்டுக் கடைத்தெருக்காரி. அவளும் பதினோரு வருஷம். "நீ போயி இழுத்துப் பாரு, வேணாம்னா சொன்னேன்" என்றாள்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் கம்பெனி அந்த வரிசையை வேறு ஊருக்குக் கொண்டுபோனது. அறுபது பெண்களை அனுப்பிவிட்டார்கள். சிலர் தையலுக்குப் போனார்கள், சிலர் துணிக்கடைக்கு. லத்தீஃபா வீட்டோடு இருந்தாள். வேண்டா ராட்டினங்கிணறு பக்கத்தில் மாடியில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், நெட்வொர்க் படிப்பில் முதல் படிச் சான்றிதழுக்கு எப்படிச் சேர்வது என்று கேட்டாள். மேசையிலிருந்த பெண், "பையனச் சேக்கணுமா ஆன்ட்டி?" என்றாள். வேண்டாவின் பையன் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, அவன் அம்மாவச் சேக்கணும்" என்றாள் வேண்டா.

அவள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். புத்தகமோ இங்கிலீஷில். கூடப் படித்தவர்கள் காலேஜ் பிள்ளைகள். வாரம் மூன்று நாள் வகுப்பு. மற்ற நாட்களில் ஆனந்தன் பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல் எண் உண்டாம். அதையெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டும். ஆனந்தனுக்கு எண் என்றால் பஸ் எண்தான். அவனும் அப்படியே கேட்பான்.

"எம்பது எங்க போவுது?"

"வெப்சைட்டுக்குப் போவுது."

"நானூத்தி நாப்பத்தி மூணு?"

"அதுவும் வெப்சைட்டுக்குத்தான், பூட்டு போட்டுகினு போவுது."

"அம்பத்தி மூணு?"

"பேரச் சொன்னா நம்பர் எடுத்துக் குடுக்குற எடத்துக்கு."

"கரீட்டு, எறங்கு" என்பான். பஸ்ஸிலிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் பாதி பஸ்ஸுக்கு அந்த எண்கள் பாடமாகிவிட்டன.

எனக்கும் ஒருநாள் விளக்கினாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். "பெரியப்பா, ஒரு வகையறாவுக்குள்ள இருக்கறவங்க அவங்களுக்குள்ள நேராப் பேசிப்பாங்க இல்ல? வேற வகையறாவோட பேசணும்னா ஒரு ஆளு மூலமாத்தான் போவணும். எது வரைக்கும் நம்ம வகையறான்னு கோடு கிழிக்கறதுதான் கணக்கு" என்றாள். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் வகையறாவில் யார் எந்தக் கோட்டுக்கு அப்பால் என்று என்னைக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன்.

முதல் தேர்வில் தோற்றாள். சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு. ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் திரும்பி வரமுடியாது. வேண்டா ஒவ்வொரு கேள்வியையும் கம்பெனியில் ஒயரை இழுத்துப் பார்த்ததுபோல் மூன்றுமுறை இழுத்துப் பார்த்திருக்கிறாள். பதில் போட்டதெல்லாம் சரி. ஆனால் கடைசி இருபது கேள்விகளை அவள் பார்க்கவே இல்லை, நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அவளுடைய ஓரகத்தி ஜெயப்பிரியா, "வயசான காலத்துல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டுவிட்டாள். முப்பத்தைந்து வயது, பாருங்கள்.

மூன்றாம் நாள் பழைய கம்பெனியின் பலகை அவளுக்கு ஞாபகம் வந்தது. பலகை யாருக்காகவும் நிற்காது. சொருகினாயோ இல்லையோ, அது நகர்ந்துவிடும். கேள்வியும் அந்தப் பலகைதான் என்று வைத்துக்கொண்டாள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். அதற்குள் ஒரு சொருகல், ஒரு இழுப்பு, அடுத்தது. சமையலறையில் பையனை வாட்சோடு நிற்க வைத்துப் பழகினாள். இரண்டாவது தேர்வில் ஏழு நிமிஷம் மீதி இருந்ததாம். தேறிவிட்டாள். போனில் வந்த சான்றிதழை ஆனந்தன் பெரிதாக அச்செடுத்து பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டினான். சாமி படத்துக்குப் பக்கத்தில் 'வேண்டா கண்ணாயிரம்' என்று இங்கிலீஷில்.

சான்றிதழ் கிடைத்தவுடன் வேலை கிடைத்துவிடவில்லை. ஏழு இடத்தில் வேண்டாம் என்றார்கள். எட்டாவது, செங்கல்பட்டில் ஜோயல் நடத்துகிற சின்னக் கம்பெனி. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கேமராவும் நெட்வொர்க்கும் போடுகிறவன். அவளைவிட நாலு வயது சின்னவன். அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை சார் என்பாள்.

"ஏணி ஏறணும்க்கா. ஏறுவீங்களா?"

"பனமரம்னா யோசிப்பேன் சார். ஏணின்னா ஏறிடுவேன்."

ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறேன், சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை என்றான் ஜோயல். ஐந்து மாதம் நல்லபடியாகப் போனது.

ஆறாவது மாதத்தில் மாமல்லபுரத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. கடற்கரை ஓட்டல். வாசலில் அலுவலகம், அங்கிருந்து கடல் வரைக்கும் சவுக்குத் தோப்புக்குள் இருபத்து நான்கு தனித்தனிக் குடில்கள். ஒவ்வொரு குடிலின் கூரையிலும் ஒரு வைஃபை டப்பா. அலுவலகத்திலுள்ள பெட்டியிலிருந்து ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கேபிள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டாக்டர்கள் கூட்டம் ஒன்று வந்து இறங்குகிறது. அதற்குள் எல்லாம் ஓடவேண்டும். ஜோயலுக்கு வேறு இடத்திலும் வேலை.

"இது உங்க பொறுப்புக்கா. கூட ஒரு ஆளு வேணும்னா நீங்களே பாத்துக் கூட்டினு வாங்க. இத முடிச்சிக் குடுத்தீங்கன்னா திங்கக்கெழம உங்க லெட்டர் ரெடி."

வேண்டா லத்தீஃபாவைக் கூப்பிட்டாள். வேலை சரியாக அமைந்தால் லத்தீஃபாவுக்கும் ஒரு வழி பிறக்கும் என்பது அவள் மனதில் இருந்தது.

கேபிளுக்குள் எட்டு ஒயர்கள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஜோடியில் ஒன்று முழு நிறம், மற்றது அதே நிறத்தில் கோடு போட்ட வெள்ளை. இரு முனையிலும் எட்டையும் பிரித்து, வரிசைப்படி அடுக்கி, கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் கனெக்டரில் நுழைத்து, அதற்கென்று இருக்கிற இடுக்கியால் ஓர் அழுத்து. வரிசை எப்படி என்று படம் போட்ட ஒரு தாளை லத்தீஃபாவிடம் கொடுத்தாள் வேண்டா. லத்தீஃபா நிழலில் உட்கார்ந்து கனெக்டர் போட்டாள். வேண்டா ஏணி ஏறிக் கேபிள் இழுத்தாள். ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியில் மாட்டினாள். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. எரிந்ததும் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி. பழக்கம், கை தானாகச் செய்தது. வியாழக்கிழமை மாலையில் நாற்பத்தெட்டு முனையிலும் பச்சைப் புள்ளி.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டல் மேனேஜர் தீனதயாளன் போனைக் கையில் வைத்துக்கொண்டு குடில் குடிலாக நடந்தார். வாசல் பக்கத்துக் குடில்களில் நன்றாக ஓடியது. கடலை நோக்கிப் போகப் போக மெதுவானது. கடைசி வரிசையில் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் அறுந்தது, அப்புறம் வந்தது.

"இன்னாம்மா இது, நத்தை மாதிரி ஊருது? சாயந்தரம் டாக்டருங்க வராங்க. எம் மூஞ்சில தூக்கி அடிப்பாங்க."

வேண்டா ஜோயலுக்குப் போன் போட்டாள். அவன் யோசிக்கவே இல்லை. "உப்புக் காத்துன்னு சொல்லிடுங்கக்கா. அந்தப் பக்கம் எல்லாருக்கும் அது தெரியும். ரெண்டு நாள் டைம் வாங்கிக்கலாம்" என்றான். தோட்டக்காரர்கூட அதையேதான் சொன்னார். அந்தக் கடற்கரையில் சைக்கிள் துருப்பிடித்தாலும் உப்புக் காற்று, டிவி ஓடாவிட்டாலும் உப்புக் காற்று. யாரும் மறுக்கமுடியாத காரணம்.

அதைச் சொல்லிவிட்டிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பாள். ஆனால் நேற்று மாலை போட்ட கனெக்டரை இன்று காலைக்குள் எந்தக் காற்று தின்னும்? பக்கத்தில் நன்றாக ஓடி, தூரத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? கடைசிக் குடிலின் கேபிளைப் பெட்டியில் வேறு துளைக்கு மாற்றிப் பார்த்தாள், அப்படியேதான் இருந்தது. டப்பாவை மாற்றினாள்; அப்படியேதான். மிச்சம் இருந்தது கேபிள் ஒன்றுதான். ஏணியில் ஏறி அதன் முனையைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

தாளில் இருந்த வரிசை அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பச்சைவெள்ளைக்கு அடுத்தது நீலம், அடுத்தது நீலவெள்ளை, அதன் பிறகுதான் பச்சை. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை உட்கார வைக்கவேண்டும். அந்த முனையில் பச்சைவெள்ளையும் பச்சையும் ஒட்டி நின்றன. அதன் மேலே அவள் வைத்த பச்சைப் புள்ளி.

ஏணியிலிருந்து இறங்கி லத்தீஃபாவிடம் வந்தாள்.

"எல்லாத்தையும் இப்பிடியாடி போட்ட?"

"ஆமா. அந்தத் தாளு தப்பா அச்சாயிருந்திச்சி, நான்தான் சரி பண்ணேன்."

"தப்பா?"

"பின்ன? முறுக்கின ஜோடியப் பிரிச்சி, நடுவுல வேற ஜோடியச் சொருவச் சொல்லுது. பதினோரு வருசத்துல ஒரு தபா அப்பிடிச் சொருவி இருக்கமா? ஜோடின்னா பக்கத்துப் பக்கத்துத் தொளைதான். லைன்ல வேற மாதிரி பண்ணியிருந்தா கைய ஒடைச்சிருப்பாங்க. உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன், நீ ஏணி மேல இருந்த."

வேண்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. லத்தீஃபா சோம்பேறித்தனத்தால் செய்த தப்பில்லை அது. நன்றாக வேலை கற்றவளின் தப்பு. அப்படிப்பட்ட தப்பை எட்டு விளக்கும் காட்டிக்கொடுக்காது. ஒயர் அந்த முனைக்குப் போய்ச் சேருகிறதா என்றுதான் விளக்குக்குத் தெரியும், யாரோடு முறுக்கிக்கொண்டு போகிறது என்று தெரியாது. ஒரே முறுக்கில் இருக்கிற இரண்டு ஒயர்தான் ஒரு பேச்சைச் சுமக்கவேண்டும். இப்போது பச்சை ஜோடியில் ஒன்றும் நீல ஜோடியில் ஒன்றும் சேர்ந்து ஒரு பேச்சைச் சுமந்தன. சம்பந்தம் பேச இந்த வீட்டில் ஒரு ஆளையும் அந்த வீட்டில் ஒரு ஆளையும் சேர்த்து அனுப்பினதுபோல. தெருமுனை வரை ஒத்துப் போவார்கள். ஊர் தாண்டினால் ஒருவர் பேச்சு ஒருவர் காதில் குழம்பும்.

லத்தீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "யா அல்லா, உன் லெட்டருக்கு நானே உலை வெச்சிட்டேனா? ஜோயல் சார் வரட்டும், நானே சொல்லிடறேன்."

"நீ வாயத் தொறக்காத. கனெக்டரு டப்பாவ எடு."

ஜோயல் பதினொரு மணிக்கு பைக்கில் வந்து சேர்ந்தான். தீனதயாளன் கூடவே நின்றார். வேண்டா அந்த முனையை இருவருக்கும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். ஜோயல் முகம் கறுத்தது.

"யாரு போட்டது?"

லத்தீஃபா எழுந்தாள். அதற்குள் வேண்டா சொன்னாள்: "பச்சப் புள்ளி என்னுது சார். பாத்து பாஸ் பண்ணது நானு. வெளக்க நம்புனேன், கண்ணால பாக்கல."

"அதில்லக்கா, போட்டது யாருன்னு..."

"புள்ளி யாருதோ, கேபிளு அவங்களுது சார்."

ஜோயல் அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தான். "மேனேஜரு எதுருலயே ஒடைச்சிட்டீங்களே! உப்புக் காத்துன்னு சொல்லச் சொன்னேன் இல்ல? சரி, கடல் பக்கத்துல இருக்கற எட்டு குடில மட்டும் மாத்துங்க. மீதிதான் ஓடுதே."

"ஓடற மாதிரி கீது சார். ஆளு நெறைய வந்து எல்லாரும் போன எடுத்தா அதுவும் படுத்துக்கும். காருல ஒரு ஒயர்க்கட்டு தப்புன்னா மொத்த வண்டியையும் பிரிக்கணும். நாப்பத்தெட்டு முனையும் மாத்தறேன்."

"அஞ்சு மணிக்குள்ளயா?"

"பலக நவுருது சார், பேசினு இருக்காதீங்க" என்றாள். முதலாளியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்த இரண்டு பெண்களும் வேலை செய்ததைத் தீனதயாளன் இன்றைக்கும் சொல்கிறாராம். லத்தீஃபா அலுவலகப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இருபத்து நான்கு முனைகள் அவளுக்கு. வேண்டா ஏணியோடு குடில் குடிலாக. இருபத்து நான்கு முனைகள் அவளுக்கு. ஏணியைப் பிடித்தது ஜோயல். முதலாளிதான், ஆனாலும் வேறு ஆள் இல்லை. வெட்டு, உரி, பிரி, அடுக்கு, நுழை, அழுத்து, இழு. பழைய வரிசையின் வேகம் இருவர் கைக்கும் திரும்பிவிட்டது. நடுவில் இரண்டு போன். "எட்டு முடிஞ்சிது, நீ?" "பத்து. தூங்கினு இருக்கியா ஏணில?" சாப்பாட்டுக்கு ஓட்டல்காரர்கள் கூப்பிட்டார்கள், இருவரும் போகவில்லை. ஆளுக்கு ஒரு வாழைப்பழம்.

நாலு இருபதுக்குக் கடைசி முனை. இந்த முறை வேண்டா ஒவ்வொன்றையும் முதலில் கண்ணால் படித்தாள், பிறகு விளக்கு, பிறகு கடைசிக் குடிலில் நின்று ஒரு பெரிய வீடியோவை டவுன்லோட் செய்து பார்த்தாள். சுற்றவில்லை, அறுந்துபோகவில்லை. தீனதயாளன் தன் போனில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு அவள் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்து, புதுக் கனெக்டர் ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் புள்ளி ஒன்றும் அதன் பக்கத்தில் மஞ்சள் புள்ளி ஒன்றும் வைக்க ஆரம்பித்தாள்.

"மஞ்ச எதுக்கும்மா?" என்றார் தீனதயாளன்.

"ஒருமுற தப்பாயி, திருத்துனது சார் இது. நாளைக்கி வேற யாராவது தொறந்து பாத்தா அவங்களுக்குத் தெரியணும்."

"தப்ப யாராவது எழுதி வெப்பாங்களா?"

"எங்க கம்பெனில வெப்போம் சார்."

ஐந்து மணிக்கு டாக்டர்கள் பஸ் வந்தது. இருவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். செங்கல்பட்டு பஸ்ஸில் லத்தீஃபா வேண்டாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேண்டா தூங்கவில்லை. திங்கட்கிழமை லெட்டர் வராது என்று அவள் முடிவே கட்டிவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஜோயல் மேசையில் ஒரு தாளை வைத்தான். நிரந்தர வேலை என்று எழுதியிருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: இந்தக் கம்பெனியிலிருந்து போகிற எந்த வேலையும் வேண்டாவின் புள்ளி இல்லாமல் போகக்கூடாது.

"தீனதயாளன் போன் பண்ணாருக்கா. அவங்களுக்குக் கோவளத்துல இன்னொரு ஓட்டல் கீதாம். அங்க உப்புக் காத்துன்னு சொல்லிச் சொல்லியே மூணு வருசமா மூணு கம்பெனி ஏமாத்திட்டாங்களாம். புள்ளி வெக்கிற அம்மாவ அனுப்புன்னாரு."

வேண்டா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக எங்கே போயிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஆனந்தனிடம் இல்லை, என்னிடமும் இல்லை. கடைத்தெருவுக்கு, லத்தீஃபா வீட்டுக்கு. இப்போது லத்தீஃபாவும் ஜோயலிடம் இருக்கிறாள். ராட்டினங்கிணறு மாடியில் அதே படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே வாத்தியாரை நிறுத்தி, பச்சை ஜோடியை ஏன் பிரித்து வைத்தார்கள் என்று கேட்டாளாம். பழைய டெலிபோன் காலத்து ஏற்பாடு அது, அந்தப் பேச்சு நடு இரண்டு ஒயரில் போனது என்று வாத்தியார் சொன்னார். "இத அன்னிக்கே அந்தத் தாளுல எழுதியிருந்தா நான் பாட்டுக்குப் போட்டிருப்பேன் இல்ல?" என்றாளாம்.

போன மாதம் அவள் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். அன்றைக்கு வேண்டா கடைக்குப் போய் ஒரு பெட்டி வண்ணப் பேனா வாங்கிவந்து ஜோயலின் மேசையில் கொட்டினாள். சிவப்பு, ஊதா, கறுப்பு, நீலம்.

"எடுடி, உன் புள்ளிக்கு எந்த கலரு?"

லத்தீஃபா ஒவ்வொரு பேனாவாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வருஷம் வரிசையில் உட்கார்ந்து சொருகியவள். சொந்தமாக ஒரு வண்ணம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"நீலம்" என்றாள். "நடுவுல வந்து குந்திக்கினு என்ன மாட்டி விட்டுதே, அதுதான்."